கேட்காமல் ஊட்டும் ஊரில் மூன்று நாள்

பெப்ரவரி முதல் வாரம், நோன்பு தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருந்தபோது, கொழும்பிலிருந்து நிந்தவூருக்குப் போய் வந்தேன். என் கணவரின் தங்கை நுஸ்ரத் அங்கே இருக்கிறாள். அவளுடைய ஒரே மகள் றிஸ்னாவுக்கு இருபத்திரண்டு வயது. ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்புப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கே படித்துக்கொண்டே ஒரு முதியோர் இல்லத்தில் பகுதிநேரமாக வேலையும் செய்யலாம். அதற்கு முன் கல்முனையில் ஆறு மாதப் பயிற்சி வகுப்பு ஒன்றை முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும். எழுத்துப் பரீட்சையில் றிஸ்னா வகுப்பிலேயே முதலாவது. ஆங்கிலமும் ஒரே தடவையில் பாஸ். செய்முறைப் பரீட்சையில்தான் கோட்டை விட்டுவிட்டாள். இரண்டாவது தடவை வியாழக்கிழமை. அதிலும் தவறினால் ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் தொடங்கும் படிப்புக்கான இடம் கைவிட்டுப் போய்விடும்.

நுஸ்ரத் தொலைபேசியில் அழுதாள். “மதினி, அந்த மிஸ்ஸுக்கு எங்கட புள்ளயில என்ன கோபமோ தெரியா. நீங்க கொழும்புல பெரிய ஒபீஸ்ல இருந்த ஆள். ஒருக்கா வந்து கதைங்க” என்றாள். நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். எங்கள் குடும்பத்தில் யாருக்காவது யாரோடாவது வழக்குப் பேச வேண்டுமென்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். எனக்கும் அந்தக் கடற்கரைப் பக்கம் போய்க் கன காலம் ஆகியிருந்தது. சரி என்றேன்.

இந்தப் பதிவுகளை வாசிப்பவர்களில் பாதிப்பேர் என்னைப் போல முழங்கால் வலிக்காரர்கள் என்பது பின்னூட்டங்களில் தெரிகிறது. ஆகவே வழியை விவரமாகவே சொல்கிறேன். கொழும்பிலிருந்து கல்முனைக்கு நேர் பஸ்கள் உண்டு, ஆனால் பெரும்பாலும் இரவுப் பயணம். எட்டு ஒன்பது மணி நேரம் காலை மடக்கி உட்கார வேண்டும். நான் காலை ஆறு மணி ரயிலில் மட்டக்களப்புக்குப் போனேன். இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். இடையிடையே எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது, வடை வருகிறது. ரயில் பிந்தும். பிந்துவதையும் கணக்கில் எடுத்தால் மாலை நான்கு மணிக்கு மட்டக்களப்பு.

அங்கிருந்து கல்முனைக்கு நாற்பது கிலோமீட்டர் அளவு. பஸ் கட்டணம் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடல் பக்கம் அதுதான். ஆனால் கடலைக் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீடுகளும் மதில்களும் கடைகளும் இடைவெளி விடாமல் நிற்கின்றன. காத்தான்குடியில் தெரு நடுவே பேரீச்ச மரங்கள், மருதமுனையில் ஆண்கள் உடுக்கும் கைத்தறிச் சாரம் தொங்கும் கடைகள், பிறகு கல்முனை. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் எல்லை எங்கே என்று கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்போக அறுவடைக் காலம் என்பதால் தார் வீதியின் ஓரமெல்லாம் நெல் காயப்போட்டிருந்தார்கள். பஸ் ஓட்டுநர் ஒருதடவைகூட நெல்லின்மேல் சில்லை ஏற்றவில்லை. ஆட்கள் விஷயத்தில் அவ்வளவு கவனம் காட்டினார் என்று சொல்ல முடியாது.

கல்முனையில் இறங்கி நிந்தவூருக்கு முச்சக்கர வண்டி பிடித்தேன். எட்டு கிலோமீட்டர் சொச்சம், எண்ணூறு ரூபாய். வீட்டுக்காரர் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“ஹனீபாக் காக்காட வீடா? அவர்ர மகள்தானே சோதினையில பெயில்?”

ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஓம் என்றேன்.

“அந்தப் புள்ளய எப்பிடி பெயிலாக்கின எண்டு எங்களுக்கு விளங்கல்ல உம்மா. வாப்பாக்கு வருத்தம் வந்த நாளையிலேருந்து தன்ட கையாலதான் சோறு தீத்துது. நோயாளிய அதுக்கு மேல எப்பிடிப் பாக்கிற?”

வாப்பாவுக்குச் சோறு ஊட்டும் பிள்ளை எப்படிப் பெயிலாகும்? எனக்கும் அதே கேள்விதான். அந்த மிஸ்ஸிடம் என்ன கேட்பது என்று காரைதீவு தாண்டும்போதே வசனம் வசனமாக யோசித்து வைத்துவிட்டேன்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. பெண் பிறந்ததும் அத்திவாரம் போடத் தொடங்கிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். பெற்றோரும் கடைசிவரை மகளோடுதான். ஆகவே ஒரே மகள் வெளிநாடு போகிறாள் என்றால் அந்த வீட்டில் பெரிய ஓட்டை விழுகிறது. நுஸ்ரத் அதற்கும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சம்மதித்திருந்தாள்.

நான் உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் தேத்தண்ணி வந்தது. குடிக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. சீனி எத்தனை கரண்டி என்றும் கேட்கவில்லை. எனக்கு நீரிழிவு இருப்பது அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை, குடித்துவிட்டேன். பிறகு கை கழுவத் தண்ணீரும் பாத்திரமும் நான் இருந்த இடத்துக்கே வந்தன. சோறு வந்தது. றிஸ்னா பக்கத்தில் இருந்து மீனில் முள் எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். நான் எழுந்தால் யாராவது கதிரையை இழுத்தார்கள், குனிந்தால் யாராவது செருப்பை எடுத்து வைத்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மிகவும் பிடித்திருந்தது.

நுஸ்ரத்தின் கணவர் ஹனீபா மச்சானுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம். வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன. பேச்சு தெளிவாக இருக்கிறது, மெதுவாக வருகிறது, அவ்வளவுதான். வயல் செய்த மனுஷன். முன்பு அவர் பேசத் தொடங்கினால் வாய்க்கால், வக்கடை, வட்டானை என்று எனக்கு அரைவாசி புரியாது. இப்போது எல்லோரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மூலையில் இருந்தார். றிஸ்னா சோற்றைக் குழைத்து, உருட்டி, அவர் வாயில் வைத்தாள். நாலு பிடி ஆனதும் அவர் தலையை அசைத்தார். அவள் வாயைத் துடைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

“இடது கை நல்லாத்தானே இருக்கிறது?” என்று நுஸ்ரத்திடம் தனியாகக் கேட்டேன்.

“ஓம். ஆனா இடது கையால சாப்பிட அவருக்கு மனசு வராது மதினி. நோயாளிக்கு அதில குற்றமில்ல எண்டு பள்ளிவாசல்ல சொல்லுவாங்கதான்.”

“வராது என்று அவரே சொன்னாரா?”

“சொல்லணுமா மதினி? இவ்வளவு காலம் குடும்பம் நடத்தின எனக்குத் தெரியாதா?”

புதன்கிழமை காலை றிஸ்னாவுடன் கல்முனைக்குப் போனேன். பயிற்சி நிலையம் ஒரு புடவைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில். மின்தூக்கி இல்லை. நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, இப்படியான இடங்கள் அங்கே வேறும் இருக்கின்றன. முழங்கால்காரர்களுக்கு ஒரு தகவல்: படிகள் உயரம், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். மேலே வகுப்பறையில் இரண்டு ஆஸ்பத்திரிக் கட்டில், ஒரு சக்கர நாற்காலி, கைத்தடிகள், ஒரு சாப்பாட்டு மேசை. பதினைந்து இருபது பிள்ளைகள். நிந்தவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பிள்ளைகளும் காரைதீவுப் பிள்ளைகளும் கலந்து இருந்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கு வேறு நேரம்.

ஜெயந்தி மிஸ் காரைதீவுக்காரி. ஐம்பது வயதிருக்கும். வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் கன வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். நான் தயார் செய்து வைத்திருந்த முதலாவது வசனத்தைத் தொடங்கினேன். அவர் பாதியில் கையைக் காட்டினார்.

“நீங்க கதைக்க வந்த விஷயம் எனக்குத் தெரியும். அதுக்கு முன்ன ஒரு உதவி செய்யுங்க. இண்டைக்கு நோயாளியா இருக்க வாற அம்மாட வீட்டுல ஒரு செத்த வீடு. நீங்க இருக்கிறீங்களா?”

இப்படித்தான் நான் நோயாளியானேன். என்னைக் கதிரையில் இருத்தி, வலது கையைத் துணியால் தளர்வாகக் கட்டினார்கள். அந்தக் கை எனக்கு வேலை செய்யாது, மற்றதெல்லாம் செய்யும், மெதுவாகச் செய்ய வேண்டும், இதுதான் என் பாத்திரம். எனக்கு முன்னால் சோறு, பருப்பு, ஒரு மீன் துண்டு. ஒரு சாதாரணக் கரண்டி, தடித்த பிடி போட்ட கரண்டி ஒன்று. றிஸ்னா எனக்கு மதியச் சாப்பாடு கொடுக்க வேண்டும்.

அவள் வந்தாள், சிரித்தாள், சலாம் சொன்னாள், கை கழுவினாள். எல்லாம் அழகாகச் செய்தாள். பிறகு கையுறையைப் போட்டு, சோற்றைக் குழைத்து, உருட்டி, என் வாயருகே கொண்டுவந்தாள். நான் வாயைத் திறந்தேன். இரண்டு பிடி உள்ளே போயிற்று.

“நிப்பாட்டு” என்றார் மிஸ். “அவக்கு இடது கை இரிக்கி.”

இரண்டாம் முறை. றிஸ்னா கரண்டியை எடுத்தாள், என் இடது கையைப் பார்த்தாள், அந்தக் கையில் கரண்டியை வைக்க அவளால் முடியவில்லை. கரண்டியால் தானே அள்ளி என் வாயில் வைத்தாள். மூன்றாம் முறை கரண்டியை என் இடது கையில் வைத்தேவிட்டாள். எனக்குச் சொல்லித் தந்தபடி மெதுவாக அள்ளினேன், கை நடுங்குவதுபோல் காட்டினேன், நாலு பருக்கை மடியில் விழுந்தது. அவள் பாய்ந்து வந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களிலும் பலர் இதே இடத்தில் தடுக்கி விழுந்து எழும்பியவர்கள் என்று பிறகு தெரிந்தது.

“நான் எத்தினை தரம் சொன்ன?” என்றார் மிஸ். “முதல்ல அவவிட்டக் கேள். எப்பிடிச் சாப்பிட விருப்பம், எந்தக் கையால, எதை முதல்ல. கேட்டியா?”

“கேட்டா அது மரியாதயில்ல மிஸ்.” றிஸ்னா கரண்டியை மேசையில் வைத்தாள். “தேத்தண்ணி குடிக்கிறீங்களா எண்டு எங்கட வீட்டுல கேட்டா, தர விருப்பமில்ல எண்டுதான் அர்த்தம். பெரியாக்கள்ற கை நடுங்கக்க பாத்துக்கு நிக்கிறது எப்பிடி?”

“எங்கட வீட்டுலயும் அப்பிடித்தான் புள்ள. நானும் அங்க போய் முதல் மாசம் கேக்காமத்தான் செஞ்ச. அந்த இல்லம் அங்க இருக்கிற வயசாளிகள்ற வீடு. நீ கேக்காம வாயில வெச்சா அங்க அது முறைப்பாடு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நோயாளிட்டயும் கேப்பம். உங்களுக்கு எப்பிடி இருந்த?”

நான் யாருக்காகப் பேசப் போனேன் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். நல்லாத்தான் இருந்தது, என் மருமகள் தங்கமான பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் வேறு மாதிரிப் பேசிவிட்டது. உருண்டை பெரிதாக இருந்தது, மூச்சு முட்டியது, எனக்கு முதலில் மீன்தான் வேண்டியிருந்தது, பருப்பு எனக்குப் பிடிக்காது, முக்கியமாக அத்தனை பேர் பார்க்க வாயைத் திறந்துகொண்டு இருக்க ஒரு மாதிரி இருந்தது, அதனால் இரண்டு பிடிக்குப் பிறகு போதும் என்று தோன்றியது என்று நடந்ததை நடந்தபடியே சொன்னேன். முந்திய இரவிலிருந்து எனக்கு எல்லாம் செய்து தந்த பிள்ளையின் முகம் அப்படியே வாடிப்போனது. எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. சொன்னதைத் திருப்பி எடுக்கவும் முடியவில்லை, ஏனென்றால் அது உண்மை.

முச்சக்கர வண்டியில் திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் நுஸ்ரத்திடம் விஷயம் போய்ச் சேர்ந்தது. நுஸ்ரத் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பின்னேரத் தேத்தண்ணி கொஞ்சம் பிந்தி வந்தது. இந்த ஊரில் அதுவே பெரிய கண்டனம்.

மாலை வீட்டில் ஒரு பயிற்சி பார்ப்போம் என்று நானே சொன்னேன். செய்த குற்றத்துக்கு ஏதாவது பரிகாரம் வேண்டுமே. பயிற்சி இதுதான்: நான் தாழ்ந்த கதிரையிலிருந்து கைத்தடியைப் பிடித்து எழும்ப வேண்டும். றிஸ்னா பக்கத்தில் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டு, நான் வேண்டாம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கேட்டாள். வேண்டாம் என்றேன். நான் எழும்பத் தொடங்கினேன். நடிப்பும் தேவைப்படவில்லை, மூன்று மாடி ஏறிய முழங்கால் உண்மையாகவே மக்கர் பண்ணியது. றிஸ்னா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அரைவாசி எழும்பிவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் குசினியிலிருந்து நுஸ்ரத் ஓடிவந்து என்னை இரண்டு அக்குளிலும் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

“என்ன புள்ள நீ! மாமி விழப்போறா, பாத்துக்கு நிக்கிறாய்! இதையா அங்க படிப்பிக்கிறாங்க?”

ஓம், இதைத்தான் படிப்பிக்கிறார்கள் என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றிஸ்னாவுக்கு அழுகை வந்துவிட்டது. நுஸ்ரத்துக்குக் கோபம் வந்தது. மூலையில் இருந்த ஹனீபா மச்சான் மட்டும் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்தார் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பரீட்சை. வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்திருந்தார். சொந்தக்காரருக்கு மேலே அனுமதியில்லை. அது என் முழங்காலுக்கு நல்லதாகப் போயிற்று. எதிரே ஒரு பேக்கரியில் உட்கார்ந்து, கேட்டு வாங்கிய சீனியில்லாத தேத்தண்ணி குடித்தேன். அங்கிருந்து பார்த்தால் கல்முனைக் கடைத்தெரு முழுவதும் தெரிகிறது. இந்தத் தெருவில் நடக்கப் பொறுமை வேண்டும், நடைபாதையில் கடைச் சாமான், வீதியில் சைக்கிள், நடுவில் நீங்கள். பதினொன்றரைக்கு றிஸ்னா இறங்கி வந்தாள். அழுதிருந்தாள் என்று தூரத்திலேயே தெரிந்தது. நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். பின்னால் ஜெயந்தி மிஸ் வந்தார்.

“பாஸ்” என்றார் மிஸ். “எல்லாம் கேட்டுத்தான் செஞ்சா. நோயாளியா இருந்த அம்மா கரண்டியத் தவற விட்டா, அப்பயும் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கு நிண்டா. கண்ணால தண்ணி மட்டும் நிக்காம ஓடிச்சு. அதுக்கு மார்க் வெட்டல்ல.”

எப்படி முடிந்தது என்று றிஸ்னாவிடம் கேட்டேன். “நீங்க சொன்னத நினைச்ச மாமி. வாயத் திறந்துக்கு இருக்க ஒரு மாதிரி எண்டு” என்றாள். வீடு வரும்வரை எதையோ யோசித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் விருந்து. பாரை மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலைச் சுண்டல், எருமைத் தயிர். நுஸ்ரத் என்னோடு பழையபடி சிரித்துப் பேசினாள். நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் உட்கார்ந்தோம். றிஸ்னா வழக்கம்போல வாப்பாவுக்கு முன்னால் தட்டோடு இருந்தாள். சோற்றைக் குழைத்து முதலாவது உருண்டையை எடுத்தாள். கை பாதி வழியில் நின்றது. உருண்டையைத் தட்டில் திருப்பி வைத்தாள்.

“வாப்பா, உங்களுக்கு எப்பிடிச் சாப்பிட விருப்பம்?”

“இது என்ன கேள்வி?” என்றாள் நுஸ்ரத். “ஆறிப்போவுது, குடு புள்ள.”

ஹனீபா மச்சான் திருப்பி வைத்த உருண்டையைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

“கரண்டி ஒண்டு தா” என்றார். பிறகு, “எல்லாரும் அங்கால போங்க. கதவச் சாத்துங்க.”

நாங்கள் மூன்று பேரும் வெளி விறாந்தையில் போய் உட்கார்ந்தோம். எங்கள் சோறு உள்ளே ஆறிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றது, திரும்பக் கேட்டது. ஏதோ கீழே விழுந்து உருண்டது. நுஸ்ரத் எழும்பினாள். றிஸ்னா அவள் கையைப் பிடித்து இருத்தினாள்.

“வாப்பா கூப்பிடல்ல உம்மா.”

நுஸ்ரத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். அவள் அழுவதைப் பார்க்க எனக்கும் தாங்கவில்லை. முற்றத்தில் காயப்போட்டிருந்த நெல்லைக் கோழி கொத்தியது, யாரும் துரத்தவில்லை. அரை மணி நேரம் இருக்கும். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“புள்ள, இன்னும் கொஞ்சம் சோறு இரிக்கா?”

நுஸ்ரத் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு வருஷமா நாலு பிடிக்கு மேல சாப்பிடல்ல மதினி. வயிறு சுருங்கிட்டு எண்டுல்ல நாங்க நினைச்ச.”

உள்ளே போனபோது சாரத்தில் சோறு, தரையில் சோறு, தாடியில் குழம்பு. தட்டு காலி. கரண்டி மேசையில் இருந்தது. எந்தக் கையால் சாப்பிட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. றிஸ்னா சோறு போட்டாள், கறி எது வேண்டும் என்று கேட்டாள், மீன் என்றார், வைத்துவிட்டு மறுபடி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அறுவடைக் காலத்தில் போனால் வீதியில் நெல் இருக்கும், வாகனம் மெதுவாகத்தான் போகும். நேரத்தைக் கொஞ்சம் கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் மூடியிருக்கும், அந்த நேரத்தை நம்பி எந்த வேலையும் வைக்காதீர்கள். நிந்தவூர்க் கடற்கரைக்குப் பின்னேரம் போங்கள், காற்று நல்லது, ஆனால் கடல் குளிக்க ஏற்றதல்ல. பெண்கள் தலையை மூடிக்கொண்டால் சௌகரியம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். தங்குவதற்குக் கல்முனையில் விடுதிகள் இருக்கின்றன. தெரிந்த வீடு இருந்தால் விடுதிக்குப் போக விடமாட்டார்கள், முயற்சி செய்தும் பயனில்லை. சீனி வேண்டாம் என்றால் உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் விட்டதால் மூன்று நாளும் நான் சீனித் தேத்தண்ணி குடித்தேன், கொழும்பு வந்து இரத்தம் பார்த்தபோது டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்தப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்கள், வகுப்பில் சேர்வதற்கு முன் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். செய்முறைப் பயிற்சி எத்தனை மணி நேரம், நோயாளியாக யார் இருக்கிறார்கள், சொல்லிக் கொடுப்பவர் அந்த வேலையைச் செய்தவரா என்று விசாரியுங்கள். வசதியிருந்தால் நீங்களே ஒரு மணி நேரம் நோயாளியாக இருந்து பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் திரும்பினேன். றிஸ்னா பிரதான வீதிவரை வந்தாள். பையைத் தூக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தூக்கினாள். பஸ் தரிப்பிடத்தில் வேறு யாரும் இல்லை. காலைச் சாப்பாட்டையும் வாப்பா கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டார், நாலு இடியப்பம் என்றாள். சந்தோஷமான செய்திதான். அவள் முகம் சந்தோஷமாக இல்லை.

“மாமி, அப்ப இந்த ரெண்டு வருஷமும் வாப்பா பசியோடயா இருந்த?”

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்?

“வீட்டுக்குப் போய் அவரிடமே கேள்” என்றேன்.

அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து பஸ் வருவது தெரிந்தது. றிஸ்னா பையை என் கையில் தந்தாள்.

“கேக்கப் பயமா இரிக்கி மாமி” என்றாள்.